மேசைக்கு அடியில் மூன்று கறை வரிசைகள்

“தம்பி, மேசையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை. சோற்றுப் பருக்கை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.”

ஆகஸ்ட் முதல் வாரத்தில் டீச்சர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வதாவது எளிதாக இருந்திருக்கும்.

அந்தச் சாப்பாட்டு மேசையை மே மாதம் திருச்சியில் என் பட்டறையில் செய்தேன். தேக்கு. மேல்பலகை 6 அடி நீளம், 3 அடி அகலம், இழைத்து முடித்தபின் ஓர் அங்குலக் கனம். நான்கு அங்குல அகலத்தில் ஒன்பது பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெள்ளைப் பசையில் ஒட்டி, பசை காயும்வரை கிளாம்ப் என்ற இறுக்குப்பிடிகளால் முறுக்கிப் பிடித்தது. ஆக, எட்டு ஒட்டுகள். ஜூனில் சென்னையில் டீச்சர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். சாப்பாட்டு அறையில் ஏசி உண்டு.

போய்ப் பார்த்தபோது கோடு மேசையின் ஒரு முனையில், ஓரத்திலிருந்து முதல் ஒட்டில் இருந்தது. முனையில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே போகப் போக ஒடுங்கி, நூல் கனமாகி, மறைந்தது. டேப் வைத்து அளந்தேன்: 14 அங்குலம். அடியில் படுத்து டார்ச் அடித்தால் அதே கோடு அங்கே இன்னும் மெலிதாக இருந்தது, கார்டு நுழையவில்லை. மேலே அகலம், கீழே ஒடுக்கம். இந்த 14 என்ற எண்ணையும் இந்த மேல் கீழ் வித்தியாசத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்த இடத்திலிருந்தே இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேசையின் குறுக்கே, சீரான இடைவெளியில், மூன்று வரிசையாகக் கருநீலப் புள்ளிகள். வரிசைக்கு எட்டு. அடிப்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் தேய்க்காமல் விட்டவை. அந்தச் சோம்பல்தான் பிறகு துப்புக் கொடுத்தது.

பலகையைக் கழற்றித் திருச்சிக்கே கொண்டுவந்தேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என்னோடு வேலை செய்யும் மூத்த ஆசாரி பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிட்டார்: “கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறாய். பசை எல்லாம் வெளியே வந்துவிட்டது. உள்ளே என்ன மிச்சம் இருக்கும்?” பக்கத்துப் பட்டறைக்காரர் பசை பழசு என்றார். மரக்கடைக்காரர் ஏசியின் மேல் பழியைப் போட்டார். மரம் சரியாகக் காயவில்லை என்று மட்டும் அவர் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பசை பழசு என்றால் எட்டு ஒட்டுகளிலும் அதே டப்பாவின் பசைதான். ஏழு ஒட்டுகள் ஏறக்குறைய முழுதாகவே பிடித்திருக்கின்றன. மரத்தின் ஈரம் ஒட்டும்போது 11 சதவீதம், டீச்சர் வீட்டில் 9. இந்த இரண்டு சதவீத இறக்கத்தில் மூன்றடி அகலப் பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். தேக்கு பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும் சாதி. மேல்பலகையைச் சட்டத்தோடு நீள்துளை போட்டுத்தான் திருகியிருந்தேன். சுருங்க இடம் இருந்தது. பலகை முழுவதும் ஒரே சீராகச் சுருங்கினால் ஒட்டு பிளக்காது. பிளப்பது எப்போதென்றால், முனை மட்டும் முந்திக்கொண்டு காயும்போது. மரத்தின் நாளங்கள் முனையில்தான் வாய் திறந்திருக்கின்றன. ஈரம் அந்த வழியாகத்தான் விரைவாகப் போகும். ஆக ஏசிக்குப் பங்கு உண்டு. ஆனால் நல்ல ஒட்டு அந்த இழுப்பைத் தாங்கும். இது ஏன் தாங்கவில்லை?

ஆசாரி அண்ணன் சொன்னதைச் சோதிக்க ஒரே வழி, ஒட்டைத் திறந்து பார்ப்பது. கோடு முடியும் இடத்தில் ரம்பத்தால் குறுக்கே ஒரு கீறல் போட்டு, முனையில் மெல்லிய ஆப்பைக் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினேன். ஓரப்பலகையின் முனைத்துண்டு பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது. எந்த வலுவும் காட்டவில்லை.

பசைபட்ட முகத்தைப் படிக்கத் தெரிந்தால் அது நிறையச் சொல்லும். ஒட்டு பிரியும்போது மரநார் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை ஜெயித்தது, மரம் தோற்றது என்று பொருள். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு பக்கத்தில் பசை பாலாடை மாதிரி வழவழப்பாக, பளபளப்பாகப் படிந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் இழைப்புளி ஓடிய தடம்கூட அழியாத சுத்தமான மரம். அதாவது, பசை எதிர்ப்பலகையை நனைக்கவே இல்லை. அதோடு, முனையில் பசைப்படலம் நகத்தால் உரிக்கும் கனத்துக்கு இருந்தது. பசை பிழிந்து வெளியேறிய ஒட்டில் இவ்வளவு பசை எப்படி மிஞ்சும்? அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் முறுக்கியது போதாது” என்றார். அதுவும் முழுக்கச் சரியில்லை. மூன்று கிளாம்புகளையும் கைவலிக்க முறுக்கியது நான்தான், எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கறைகளுக்குத் திரும்பினேன். தேக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு பிறக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே வித்தைதான். என்னுடையவை பைப் கிளாம்புகள், இரும்புக் குழாயில் இரண்டு தாடைகள் மாட்டியவை. பழையவை. துத்தநாகப் பூச்சு தேய்ந்து துருவேறியவை. பலகைகளை அவற்றின் மேல் படுக்கவைத்து ஒட்டியபோது, ஒவ்வோர் ஒட்டிலிருந்தும் வழிந்த பசையின் ஈரம் பைப்பைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. வரிசைக்கு எட்டுப் புள்ளி, மூன்று வரிசை. மே மாதம் கிளாம்ப் எங்கெங்கே இருந்தது என்பதற்கு மரமே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தது.

டேப்பை நீட்டினேன். முனையிலிருந்து முதல் வரிசை 18 அங்குலத்தில். நடு வரிசை 36-இல். மூன்றாவது 54-இல்.

கிளாம்பின் தாடை பலகையின் விளிம்பில் ஒரு புள்ளியில்தான் அழுத்துகிறது. அந்த அழுத்தம் மரத்துக்குள் போகும்போது விசிறிபோல் விரியும். ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இரு பக்கமும் விரிவதாகத் தச்சர்கள் கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஓரப்பலகை நான்கு அங்குல அகலம் என்றால், முதல் ஒட்டை எட்டும்போது அழுத்தம் கிளாம்புக்கு இந்தப் பக்கம் நான்கு அங்குலம், அந்தப் பக்கம் நான்கு அங்குலம் விரிந்திருக்கும். அவ்வளவுதான். 18-இலிருந்து 4 போனால் 14.

கோடும் 14 அங்குலம்தான்.

பட்டறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தப் பொருத்தத்தைக் கண்டு நானும் மயங்கித்தான் போனேன். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். 45 பாகை என்பது கோடு போட்டு நிறுத்தியதுபோல் முடிகிற எல்லை இல்லை. அழுத்தம் படிப்படியாகத்தான் குறையும். இரண்டாவது ஒட்டில் இந்தக் கணக்குப்படி 10 அங்குலம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அங்கே முனையில் மூன்று அங்குலத்துக்கு மயிரிழைக் கீறல் மட்டுமே. அதைவிட முக்கியம், எதிர் ஓரத்து ஒட்டுக்கும் இதே கதிதான்: அதே நான்கு அங்குலப் பலகை, அதே 18 அங்குல இடைவெளி. அது பிளக்கவில்லை. கணக்கு ஒன்றாக இருக்கும்போது விளைவு மட்டும் ஏன் வேறு?

விடை அன்றைய பிற்பகலில் இருந்தது. மே மாத வெயில், பட்டறைக்கு மேலே தகரக் கூரை, மேசைக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில். பசை தடவ ஆரம்பித்தது பிளந்த ஓரத்திலிருந்துதான். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தடவி, எட்டாவது ஒட்டை முடித்து, பலகைகளைச் சேர்த்து, விலகியதைத் தட்டி மட்டம் பார்த்து, கடைசி கிளாம்பை முறுக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெள்ளைப் பசை திறந்து கிடக்கத் தாங்கும் நேரம் சாதாரணமாக ஐந்து முதல் பத்து நிமிடம். அந்த வெக்கையிலும் விசிறிக் காற்றிலும் அதுவும் குறையும். முதலில் தடவிய ஒட்டில் பசைக்கு ஆடை கட்டிவிட்டது. கடைசியில் தடவிய எதிர் ஓரத்தில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. கொஞ்ச அழுத்தத்திலும் மரத்தை நனைத்துக்கொண்டது.

சந்தேகம் தீர, மிச்சத் தேக்குத் துண்டுகளை எடுத்து விசிறிக்கடியில் பசை தடவி வைத்தேன். ஒரு ஜோடியை உடனே சேர்த்தேன், ஒன்றை ஐந்து நிமிடம் கழித்து, ஒன்றைப் பத்து நிமிடம் கழித்து. மறுநாள் கொட்டாப்புளியால் அடித்துப் பிரித்தபோது முதல் ஜோடியில் மரம் கிழிந்தது. பத்து நிமிட ஜோடி தீப்பெட்டி திறப்பதுபோல் கழன்றது. அதே பாலாடைப் பளபளப்பு. ஆடை கட்டிய பசையையும் நல்ல அழுத்தம் ஓரளவு உடைத்து உள்ளே தள்ளிவிடும். அழுத்தமும் இல்லாத இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் சந்தித்த 14 அங்குலம்தான் பிளந்திருக்கிறது.

மேலே அகலம், கீழே ஒடுக்கம் ஏன் என்பதும் இதோடு விளங்கிவிட்டது. மூன்று பைப்பும் அடியில். முறுக்க முறுக்கப் பைப் வளைந்து தாடையின் மேல்பகுதி வெளியே சாயும். விசை பலகையின் கீழ்விளிம்பில் குவியும். பலகை நடுவில் மேலே எழும்பி ஒட்டுகளின் மேல்வாய் லேசாகத் திறக்கும். ஒட்டும்போது பலகை எழும்பியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தேன். செங்கல்!

இன்னொரு பிழையும் என்னுடையதே. கையால் இழைக்கும்போது இழைப்புளி பலகைக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். விளிம்பு நடுவில் புடைத்து, முனைகளில் தாழ்ந்துவிடும். இரண்டு பலகையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி விளக்குக்கு எதிரே பிடித்தால் முனைகளில் வெளிச்சம் தெரியும். நான் அன்று எல்லா ஒட்டுகளையும் அப்படிப் பார்க்கவில்லை.

எத்தனை கிளாம்ப் வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். பசைக்காரர்கள் கெட்டி மரங்களுக்குச் சொல்லும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 முதல் 17 கிலோ. மென்மரத்துக்கு 7 முதல் 10. ஆறடி நீளம், ஓர் அங்குலக் கனம் என்றால் ஓர் ஒட்டின் பரப்பு ஏறக்குறைய 460 சதுர சென்டிமீட்டர். 12 கிலோ என்று வைத்தாலே ஐந்தரை டன். நல்ல பைப் கிளாம்ப் ஒன்று கைமுறுக்கில் 450 கிலோ அளவுக்குத் தரும். என் மூன்று கிளாம்ப் சேர்ந்து 1,350 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோகூட முழுதாக இல்லை. ஏட்டுக் கணக்கை எட்ட ஒரு டஜன் கிளாம்ப் வேண்டும். அத்தனை வைத்து ஒட்டும் சிறு பட்டறையை நான் பார்த்ததில்லை. விளிம்பு ஒளி புகாமல் பொருந்தியிருந்தால் அதில் பாதி அழுத்தமே போதும் என்பது என் அனுபவம். ஆனால் அந்தப் பாதி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். ஆகவே இறுக்கத்தைவிட இடைவெளியைத்தான் முதலில் கணக்கிடுகிறேன்: ஓரப்பலகையின் அகலம் எவ்வளவோ அதில் இரண்டு மடங்குக்கு ஒரு கிளாம்ப், முனையிலிருந்து பலகை அகலத்துக்குள் முதல் கிளாம்ப். நான்கு அங்குலப் பலகைக்கு இது எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகி, ஆறடிக்கு ஒன்பது வந்துவிடும். கிளாம்ப் குறைவாக இருந்தால் தந்திரம் உண்டு. விளிம்புக்கும் தாடைக்கும் நடுவே மூன்று அங்குல அகலமுள்ள நேரான கட்டையை முழு நீளத்துக்கு நிறுத்தினால், அழுத்தம் அந்தக் கட்டைக்குள்ளேயே விரிந்துவிட்டுத்தான் பலகைக்குள் நுழையும். ஏழு போதும்.

முன்காலத்தில் இத்தனை கிளாம்பா வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வச்சிரம் என்ற விலங்குத் தோல், எலும்புப் பசையைக் காய்ச்சி ஒட்டிய காலம் வேறு. சூட்டோடு தடவி, பலகையை முன்னும் பின்னும் தேய்த்தால் ஆறும்போது பசையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குட்டைப் பலகைக்குக் கிளாம்பே வேண்டாம். நீளப் பலகைக்குக் கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கினார்கள், எதிரெதிராக இரண்டு ஆப்பை அடித்து இறுக்கினார்கள். ஆப்பைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஒரு கனத்த ரீப்பரின் இரு முனையிலும் கட்டையைத் திருகி, நடுவே பலகையை வைத்து, ஒரு ஜோடி ஆப்பு அடித்தால் அது ஒரு முழு கிளாம்ப். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான் என் முதல் யோசனை.

வாங்குவதென்றால் மேசைப்பலகைக்குப் பைப் கிளாம்ப். முறுக்கும் தாடையான தலையையும் நகரும் தாடையான வாலையும் மட்டும் வாங்கி, முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை ஹார்டுவேர் கடையில் வேண்டிய நீளத்துக்கு வெட்டி மரை போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் பட்டைப் பைப் மெலிது, வளையும். நீலப் பட்டை எடுங்கள். அமெரிக்க மரைத் தலை நம் பைப்பில் ஏறுமா என்று பயப்பட வேண்டாம். இரண்டு முறையிலும் அங்குலத்துக்கு 14 மரைதான், இந்த வேலைக்கு ஏறிக்கொள்ளும். எஃப் எழுத்து வடிவ கிளாம்ப் குறைந்தது நான்கு இருக்கட்டும், பலகை எழும்பாமல் மேலும் கீழும் கட்டை வைத்துப் பிடிக்க. ஒரு கையால் அமுக்கும் துப்பாக்கிப் பிடி கிளாம்புகள் சேர்க்கும்போது மூன்றாவது கை மாதிரி உதவும். அவற்றை நம்பிக் கெட்டி மரத்தை ஒட்டாதீர்கள். சி கிளாம்ப் சிறிய வேலைக்கு, ஆனால் அசுர பலம். தாடை சாயாத இணைத்தாடை கிளாம்ப் அலமாரி, பெட்டி ஒட்டுவதற்கு அருமையானது. விலையைப் பார்த்தால் இரண்டாவது வாங்க மனம் வராது.

மறு ஒட்டுக்கு இரண்டு நாள் எடுத்தேன். வாயைத் திறந்த ஒட்டுகளைச் சுற்று ரம்பத்தால் முழு நீளத்துக்கும் அறுத்து எடுத்தோம். முனைத்துண்டு கழன்ற ஓரப்பலகைக்குப் பதில் புதுப்பலகை. விளிம்புகளை இழைத்து, இந்த முறை நடுவில் ஒரு மெல்லிய சீவல் கூடுதலாக எடுத்தேன். பலகைகளைச் சேர்த்தால் நடுவில் மயிரிழை வெளிச்சம், முனைகள் இறுக்கம். கிளாம்ப் அந்த நடுவை மூடும்போது முனைகள் தாமாகவே அழுத்தத்தில் இருக்கும். பின்னால் முனை காய்ந்து சுருங்கினாலும் ஈடுகொடுக்கும். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் இழைத்த கையோடு தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே ஒட்டினோம்.

காலை ஆறு மணி. விசிறி நிறுத்தம். முதலில் பசை இல்லாமல் முழு ஒத்திகை: ஏழு கிளாம்ப், நான்கு கீழே, மூன்று மேலே, மாற்றி மாற்றி. தாடைக்கும் கட்டைக்கும் நடுவே, பலகைக் கனத்தின் சரிபாதி உயரத்தில் ஒரு விரல்கனக் குச்சி. விசை மேலோ கீழோ சாயாமல் நடுவிலேயே போக இது போதும். பைப்புகளுக்குக் கீறிய பி.வி.சி. குழாயைச் சட்டைபோல் மாட்டியாயிற்று, கறை வேண்டாமென்று. குறுக்கே பிடிக்கும் ரீப்பர்களின் முனைகளை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தி இழைத்து, பேக்கிங் டேப் சுற்றியிருந்தோம். அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டே ஒட்டுகள். இரண்டு முகத்திலும் பசை தடவி, நடுவிலிருந்து முனைகளை நோக்கி முதலில் லேசாக, மறுசுற்றில் நன்றாக முறுக்கி முடித்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. ஒட்டு நெடுக, முனையிலிருந்து முனைவரை, கடுகு கடுகாகப் பசை பூத்தது. மே மாதம் அது நடுவில் வழிந்து, முனையில் வறண்டிருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணெதிரே நின்ற அறிகுறி அது.

“ஈரத்துணியால் துடைக்கவா?” என்றான் பட்டறைப் பையன். “தொடாதே” என்றோம் இருவரும் ஒரே குரலில். துடைத்தால் கரைந்த பசை மரத்துக்குள் இறங்கி, பாலிஷ் போடும்போது வெள்ளைத் திட்டாக வந்து நிற்கும். அரை மணி, முக்கால் மணி கழித்து ரப்பர் பதத்துக்கு வந்ததும் மழுங்கிய உளியால் சுரண்டினால் நாடாவாக வரும். கிளாம்பை எடுக்க ஒரு மணி நேரமே போதும் என்பார்கள். ஆப்பசைத்த குரங்காக எனக்கு மனமில்லை. இரவு முழுக்க விட்டேன்.

பழைய கறைகளை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் துடைத்தேன், அடிப்பக்கம் என்றாலும். முனைகளுக்கு இந்த முறை இரண்டு பூச்சு பாலிஷ் கூடுதல், ஈரம் விரைந்து வெளியேறாதிருக்க. செப்டம்பர் கடைசியில் மேசை டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒட்டுகள் எதுவும் அசையவில்லை. ஆனால் புதிதாக ஒட்டிய ஒன்றின் மேல் குறுக்கே விரல் நகத்தை ஓட்டினால் லேசாக ஒரு பள்ளம் தட்டுகிறது, தாளின் கனத்துக்கு. பசையில் உள்ள தண்ணீரைக் குடித்து ஒட்டின் ஓரம் உப்பியிருக்கும். அது வற்றும்வரை பொறுக்காமல் மறுநாளே இழைத்தால், உப்பியதும் சேர்ந்து போய், பின்னால் அந்த இடம் தாழும். நான்கைந்து நாள் விட்டிருக்க வேண்டும். நான் மறுநாள் மத்தியானமே இழைத்துவிட்டேன். டீச்சர் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. காப்பி கொடுத்துவிட்டு, நான் ஏன் மேசையையே தடவிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் கேட்டார்.